ஸ்ரனிஸ்லாஸும் மூன்றாம் இலக்கமும்

யோசிக்க வேண்டி வந்தால் ஸ்ரனிஸ்லாஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தைல டப்பியை எடுப்பார். தைலம் தீர்ந்தபின் கழுவித் துடைத்து வைத்த சின்னத் தகர டப்பி. மூடியைப் பெருவிரல் நகத்தால் நெம்புவார். உள்ளே கிடக்கும் கறுப்புத் துணுக்குகளில் ஒன்றை விரல்நுனியில் ஒற்றி எடுப்பார். உளுந்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்ரிக் தொப்பி அது. வயிற்றுக்குள் ஒரு பித்தளை நாக்கு. அதைச் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு இடது சின்னவிரல் நகத்தின் மேல் நிமிர்த்தி நிறுத்துவார். விழுந்தால் மறுபடியும். அது நிற்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். நின்றதும், தீர்ப்பு எழுதி முடித்த நீதவானைப் போல டப்பியை மூடிவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார்.

கொழும்புக் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவொன்றில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி எடுத்துக்கொடுக்கும் கம்பனி எங்களுடையது. கோட்டையில் குண்டு வெடித்துப் பழைய கந்தோரின் கண்ணாடியெல்லாம் கொட்டுண்ட பிறகு முதலாளி பலீல் ஹாஜியார் இங்கே ஒரு மேல்மாடியைப் பிடித்திருந்தார். நாங்கள் ஆறேழு பேர் வரிசையாக இருந்து சரக்குப் பட்டியல்களைத் தட்டுவோம். தட்டுவதெல்லாம் கேபிள் வழியாகக் கண்ணாடி அறைக்குள் இருக்கும் யூனிக்ஸ் மெஷினுக்குப் போகும். அந்த அறைக்குள் ஸ்ரனிஸ்லாஸ் இருந்தார். கந்தோரில் குளிரூட்டி இருந்தது முதலாளிக்கும் அந்த மெஷினுக்கும் மட்டும்தான். ஆகவே ஸ்ரனிஸ்லாஸுக்கும் அது கிடைத்தது.

ஐம்பதை நெருங்கிய மனிதர். கழுத்தில் அந்தோனியார் பதக்கம், காலில் எப்போதும் பொலிஷ் பண்ணிய சப்பாத்து. துறைமுகத்தில் துளை அட்டை அடிக்கும் வேலையில் தொடங்கியவர். யூனிக்ஸை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பிசியொன்று மெஷினோடு பேச மறுத்தால் அவர் வந்து குனிந்து இரண்டு வரி தட்டுவார். "பிங் பண்ணுறன் தம்பி. உசிரோட இருக்கிறாரா எண்டு கேக்கிறது. இருந்தா, இருக்கிறன் எண்டு சொல்லுவார். பேசாம இருந்தா மெழுகுதிரி கொளுத்த வேண்டியதுதான்."

மெஷினுக்குள் புது நெட்வேர்க் கார்ட் போடும்போது அவர் சொல்லும் இன்னொரு பகிடியும் உண்டு. "கார்ட்டைச் செருகினாப் போதாது. அதுக்கு ஒரு பேர் வைக்கணும், ஒரு விலாசம் குடுக்கணும், கூப்பிட ஒரு மணி குடுக்கணும். ஞானஸ்நானம் மாதிரித்தான். குடுக்கிற ஆள் சரியில்லாட்டி பிள்ளை தறுதலையாப் போகும்."

அவருக்குப் பிடிக்காததை யாராவது சொன்னால், அன்று பின்னேரம் அந்த ஆளுடைய பிசி மட்டும் மெஷினிடமிருந்து அறுந்துவிடும். ஆள் கண்ணாடிக் கதவில் போய்த் தட்ட வேண்டும். "என்ன செய்தீங்க பிசிக்கு?" என்று கண்களை அகல விரித்துக் கேட்பார். அந்த விரித்த கண்ணில் ஒரு சந்தோசம் நீந்திக்கொண்டிருக்கும். மன்னிப்புக் கேட்ட மாதிரி ஏதாவது சொன்னால் போதும், உள்ளே போய் ஒரு வரி தட்டுவார். பிசி உயிர்த்துவிடும்.

அதே மனிதர்தான் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சிப் போத்தலோடு வாசலில் நிற்பார். பொலிஸ் பிடித்தால் முதல் ஆளாகப் போவார்.

கணக்கர் வரதராசாவுக்காக அப்படிப் போனார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் மனைவி அன்னபாக்கியத்தோடு இருந்தவர் வரதராசா. உடுப்பிட்டி ஆள், திருநீறு இல்லாமல் வெளியே இறங்காதவர், மச்சம் மாமிசம் தொடாதவர். ஒரு காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், அது போதும். ஸ்ரனிஸ்லாஸ் கம்பனிக் கடிதத்தோடு ஸ்ரேஷனுக்குப் போய், பின்னேரம் வரை அங்கிருந்த மர வாங்கில் இருந்தார். போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் எழும்பி நின்று சொன்னார்: "ராளஹாமி, மே மஹத்தயா அபே கந்தோருவே கணகாதிகாரி. மம தன்னவா." இவர் எங்கள் கந்தோர்க் கணக்கர், எனக்குத் தெரியும் என்று. அந்தச் சிங்களத்தில் கொட்டாஞ்சேனை மண் இருந்தது. யாழ்ப்பாணம் ஒரு சொட்டும் இல்லை. கடைசியில் விட்டார்கள்.

வெளியே வந்ததும் வரதராசா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாகுமட்டும் மறக்கமாட்டன் ஸ்ரனி."

"என்னை மறந்தாலும் பரவாயில்ல ஐயா. பெல்ட்டை உள்ள மறந்துட்டு வந்துட்டீங்க. கால்சட்டையப் பிடிங்க."

அதன்பிறகு செலீனின் கல்யாணம் வந்தது. ஸ்ரனிஸ்லாஸின் ஒரே மகள். கோயிலில் பூசை முடிந்து, வீட்டு ஒழுங்கையை மறித்துப் போட்ட பந்தலில் சாப்பாடு. வரதராசாவும் அன்னபாக்கியமும் வந்தார்கள், அன்பளிப்பு உறையைக் கொடுத்தார்கள், கதிரையின் நுனியில் இருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸின் மனைவி பிறிஜெற் ஓடிப்போய், "உங்களுக்கெண்டு மரக்கறி தனியா, புதுச் சட்டியில ஆக்கி வச்சிருக்கு" என்றா.

"வேண்டாம் தங்கச்சி. வயிறு சரியில்லை. சோடா ஒண்டு காணும்."

சோடா வந்தது, கிளாசோடு. வரதராசா கிளாசை அப்படியே வைத்துவிட்டு, மூடியைத் தானே திறந்து, போத்தல் வாயைக் கைலேஞ்சியால் துடைத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினார். மனைவிக்கும் அப்படியே கொடுத்தார். அந்தச் சோடாவின் அர்த்தம் பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் சாதி பார்த்துச் சிலருடைய வீட்டில் சிலர் குடிப்பது அதை மட்டும்தான். போகும்போது பிறிஜெற் வெள்ளித் தாளில் சுற்றிய கல்யாணக் கேக் இரண்டை அவர்கள் கையில் வைத்தா. ஒழுங்கை முனையில் திரீவீலில் ஏறிய வரதராசா அவற்றைச் சாரதியிடம் நீட்டியதை, விருந்தாளிகளை வழியனுப்ப வந்து நின்ற ஸ்ரனிஸ்லாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கந்தோரில் கேட்டார்: "கேக் எப்பிடி ஐயா?"

"நல்ல கேக் ஸ்ரனி. அன்னபாக்கியம் விரும்பிச் சாப்பிட்டவ."

"ஆ. ஐயாவுக்கு?"

"நானும்தான்."

"வயிறு ஒண்டும் செய்யல்லியே?"

"இல்லை இல்லை."

"சந்தோசம்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். கண்ணாடி அறைக்குள் போய் டப்பியை எடுத்தார். அன்று முழுக்க ஒரு தொப்பியும் நகத்தில் நிற்கவில்லை.

அடுத்த வருடம், தொண்ணூற்றேழில், வரதராசா தன் ஒரே மகன் நிமலரூபனை ஏஜென்சி மூலம் கள்ள வழியில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பையன் கியேவ் நகரம் வரை போய் நின்றுவிட்டான். எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. கிழமைக்கொரு வீடு மாற்றுவார்களாம். அனெக்ஸில் தொலைபேசி இல்லை. அங்கே மருத்துவம் படிக்கும் எங்கள் நாட்டுப் பையன் ஒருவன் பல்கலைக்கழகத்துக் கொம்பியூட்டரில் இருந்து ஈமெயில் அனுப்ப உதவுவதாகச் சொல்லியிருந்தான். கொழும்பில் ஈமெயில் எத்தனை பேரிடம் இருந்தது அப்போது? எங்கள் மெஷினில் இருந்தது. மாலை ஐந்தரைக்கு மோடம் கீச்சிட்டுக்கொண்டு கொள்ளுப்பிட்டியிலிருந்த ஒரு கம்பனிக்குப் போன் எடுக்கும். இங்கிருந்து போக வேண்டியதைக் கொடுத்து, அங்கே வந்து கிடப்பதை வாங்கிக்கொண்டு வைத்துவிடும்.

வரதராசா கண்ணாடிக் கதவைத் தட்டினார். இதற்கு முன் அவர் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

"ஹாஜியாருக்குத் தெரியக்கூடாது ஸ்ரனி. ஏஜென்சி அது இது எண்டு பொலிசு வந்தால் மனுசன் பயந்திடுவார்."

"எனக்குத் தெரியாத ஆளா ஐயா நீங்க? கம்பனி விலாசத்தைக் குடுங்க மகனுக்கு."

முதல் கடிதம் வந்தபோது ஸ்ரனிஸ்லாஸ் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எங்கள் மேசைகளுக்கு நடுவில் நின்று வாசித்தார். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். "அப்பா நான் சுகம். குளிர் தாங்கேலாமல் கிடக்கு. ஒரே அவிச்ச கோவா இலைதான் சாப்பாடு. அம்மாவின்ர புட்டு கனவில வருகுது." குரலை அழுவது போல இழுத்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வரதராசாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி நின்றார், தாள் தன் கைக்கு வரும் வரை.

இரண்டாவது கடிதம் ஐப்பசியில் வந்தது. அதையும் வாசித்தார், ஆனால் பாதியில் குரல் தானாக நேராகிவிட்டது. "ஏஜென்சிக்காரன் ரெண்டு வழி சொல்லுறான். மூடின லொறியில இந்தக் கிழமையே போகலாமாம். இல்லாட்டி தை மட்டும் நிண்டால் விசா எடுத்துத் தாறானாம். கூட இருக்கிற பெடியள் லொறிக்கு ஓம் எண்டிட்டாங்கள். நீங்கள் சொல்லாமல் நான் ஏறமாட்டன். கெதியாப் பதில் போடுங்கோ."

வரதராசா அன்றே பதில் எழுதினார். ஸ்ரனிஸ்லாஸின் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் தட்டினார். "நில். லொறியில் ஏறாதே. தை மட்டும் நில். அப்பா." மோடம் போன் எடுக்க இன்னும் சிறிது நேரம் இருந்தது.

அந்த நேரத்துக்குள் இடி விழுந்தது. ஐப்பசி மாதத்துப் பின்னேர இடி. முற்றத்தில் விழுந்தது போலச் சத்தம், பிறகு கேபிள் ஓடிய சுவரில் ஒரு நீல ஒளி, பிறகு எரிந்த மணம். மெஷினின் நெட்வேர்க் கார்ட் கருகிவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பதில் உள்ளேயே நின்றுவிட்டது.

அடுத்த நாள் புதுக் கார்ட் வாங்கி வந்து பூட்டினார். பேர் வைத்தார், விலாசம் கொடுத்தார். மெஷினை அணைத்து எழுப்பிப் பிங் பண்ணினார். எங்கள் பிசிகள் எல்லாம் உயிர்த்தன. ஆனால் மாலை ஐந்தரைக்கு மோடம் கீச்சிடவில்லை. ஒரு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "நெட்வேர்க் ஓடுதா?"

"ஓடுது ஹாஜி. மோடம்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"அது கெடக்கட்டும். பெக்ஸ் மெஷின் ஈக்குதானே. ரெண்டு கப்பல் வந்து நிக்கிது, லிஸ்ற்ற முடிங்க."

முதலாளி போனதும் வரதராசா கதவைத் தட்டினார். "ஸ்ரனி, நேற்றையான் பதில் போட்டுதோ?"

"உள்ள நிக்குது ஐயா. மோடம் எழும்பினாப் போயிடும். நாளைக்குச் சரி வரும்."

நாளைக்கு வந்தது. "புதுக் கார்ட் ஐயா. யூனிக்ஸுக்கு இன்னும் மனசு வரல்ல. நாளைக்குப் பாப்பம்."

அதற்கடுத்த நாள், "சிங்கப்பூரில இருந்து ஒரு டிஸ்க் வரணும்."

அதற்கும் அடுத்த நாள், "அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன் ஐயா. நீங்களும் உங்கட முருகனுக்கு ஒண்டு சொல்லி வைங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்கட்டும்."

நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லச் சொல்ல வரதராசா வேறு வழி தேடுவதை நாளைக்குத் தள்ளினார். ஒரு நாள் மட்டும் வெள்ளவத்தையில் காசுக்குப் போன் எடுக்கவிடும் ஒரு கொமியூனிக்கேஷன் கடைக்குப் போய் ஈமெயில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். அடையாள அட்டையின் பிரதியும், யாருக்கு, என்ன விஷயம் என்றும் கேட்டார்களாம். திரும்பி வந்துவிட்டார். கணக்குப் புத்தகத்தின் முன்னால் இருந்து ஒரே நிரலை மீண்டும் மீண்டும் கூட்டினார். மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறப்பதில்லை. கந்தசஷ்டி விரதம் என்றார். அது உண்மைதான்.

அந்த விரதத்தின் நடுவில்தான் ஸ்ரனிஸ்லாஸ் அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்க. ஒருக்கா இருந்து ஆறுதலாக் கதைப்பம், இந்த மோடத்தை என்ன செய்யலாம் எண்டு. மத்தியானம் வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பியும் வாறதுதானே, பக்கத்து ஒழுங்கைதானே."

நான் போனபோது வரதராசா ஏற்கெனவே வந்திருந்தார். வேட்டி, திருநீறு, சந்தனம். சாப்பாட்டு மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை. பிறிஜெற் சோற்றையும் பருப்பையும் கொண்டுவந்து வைத்தா. ஸ்ரனிஸ்லாஸ் பருப்புச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதை உள்ள வை."

"அவர் சைவம், இஞ்சாருங்க."

"உள்ள வையெண்டு சொன்னன்."

பிறிஜெற் எடுத்துக்கொண்டு போனா. திரும்பி வந்தபோது கையில் மாட்டிறைச்சிக் கறி. மிளகும் கறுவாவும் மணத்தது. மேசையின் நடுவில் அதை வைத்துவிட்டு அங்கே நிற்காமல் குசினிக்குள் போய்விட்டா.

ஸ்ரனிஸ்லாஸ் வரதராசாவின் கோப்பையில் சோறு போட்டார். மேலே கறியை ஊற்றினார், துண்டு பார்த்துப் பார்த்து. "சோடா வாங்கி வைக்க மறந்துட்டன் ஐயா. குறை நினைக்கக் கூடாது."

வரதராசா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறியின் எண்ணெய் சோற்றுக்குள் மெல்ல இறங்கியது.

"ஸ்ரனி, நான் விரதம்."

"தெரியும் ஐயா."

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்தப் பதிலை மட்டும்..."

"அதுக்குத்தானே வரச் சொன்னது. சாப்பிட்டுக் கதைப்பம். எங்கட வீட்டில சாப்பிடாம ஒண்டும் கதைக்கிறேல்ல."

சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒழுங்கையில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். பந்து தகரக் கதவில் பட்டுப் பட்டுத் திரும்பியது. வரதராசா கையை நனைத்தார். பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்து மெல்லாமல் விழுங்கப் பார்த்தார். இறைச்சி அப்படி விழுங்க விடாது. மென்றார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. உறைப்பு என்று சொல்லக்கூடிய அளவுதான்.

"இன்னும் ஒரு துண்டு போடவா?"

"போடுங்கோ."

கோப்பையை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவினார். குசினி வாசலில் நின்று, "கறி நல்லாயிருந்தது தங்கச்சி" என்றார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார், இருக்கவில்லை.

"நாளைக்குப் பாப்பமே ஸ்ரனி?"

"நாளைக்குக் காலமை முதல் வேலை அதுதான் ஐயா."

திங்கட்கிழமை ஸ்ரனிஸ்லாஸ் சொன்னபடி செய்தார். வரதராசாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். என்னை ரோச் லைட் பிடிக்கச் சொன்னார். மெஷினை அணைத்தார், மூடியைக் கழற்றினார், கார்ட்டை இழுத்து எடுத்தார். அதில் ஓரமாக வரிசையாக நின்ற ஊசிகளில் ஒரு சோடியின் மேல் ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது, டப்பிக்குள் கிடப்பவற்றைப் போலவே.

"பாருங்க ஐயா. இது மூண்டு. இதுதான் இவர் கூப்பிடுற மணி. மோடத்துக்கும் மணி மூண்டு. ஒரே மணியை ரெண்டு பேர் அடிச்சா மெஷின் யாருக்கெண்டு எழும்பும்? ஒராள்ற குரல்தான் கேக்கும். மற்றாள் கத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்."

நகத்தால் தொப்பியைக் கழற்றினார். பக்கத்துச் சோடி ஊசிகளில் போட்டு அழுத்தினார். "இப்ப அஞ்சு."

கார்ட்டைத் திரும்பச் செருகினார். மெஷினை எழுப்பி, கார்ட்டின் மணி ஐந்து என்று அதற்குச் சொன்னார். யூனிக்ஸ் தன் உள்ளுறுப்புகளை மறுபடி பின்னிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. மறுபடி அணைத்து எழுப்பினார். பிங் பண்ணினார், பிசிகள் பதில் சொல்லின. மோடத்தைத் தொட்டார், அதுவும் பதில் சொன்னது. கீழே கடைக்குச் சொன்ன பிளேன் ரீ இன்னும் மேலே வந்து சேரவில்லை.

வரதராசா கார்ட் போன துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா ஸ்ரனி?"

"இவ்வளவுதான் ஐயா."

வரதராசா கைகளைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டார்.

ஐந்தரை வரை காத்திருக்காமல் ஸ்ரனிஸ்லாஸ் மோடத்தை அப்போதே எடுக்கச் சொன்னார். அது கீச்சிட்டது, இரைந்தது, பிறகு அமைதியானது. திரையில் வரிகள் ஓடின. "நில்" போய்விட்டது. வரதராசா பெருமூச்சு விட்டார். பிறகு கழுத்தை நீட்டிக் கேட்டார்: "அங்கையிருந்து?"

ஸ்ரனிஸ்லாஸ் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் இல்ல."

"இத்தனை நாளா ஒண்டுமா?"

"பெட்டி வெறுமையா இருக்கு ஐயா. உங்கட மகன் எழுதல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

அன்று மாலையும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெட்டி வெறுமையாகவே இருந்தது. வரதராசா ஐந்தரைக்குக் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பார். ஸ்ரனிஸ்லாஸ் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வதும் இல்லை, போகச் சொல்வதும் இல்லை. மோடம் கீச்சிட்டு முடிந்ததும் வரதராசா குடையை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸுக்குப் போவார்.

மார்கழியில் ஒரு கடிதம் வந்தது, தபாலில், ஜேர்மனியிலிருந்து. நிமலரூபனோடு கியேவ் வீட்டில் இருந்த பையன் எழுதியிருந்தான். வரதராசா அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

நிமலரூபன் தகப்பனின் பதிலுக்காக லொறியை ஒரு முறை தவறவிட்டிருக்கிறான். மூன்று தரம் மெயில் போட்டிருக்கிறான். பிறகு அவனுடைய மெயில்களே அவனுக்குத் திரும்பி வந்தன, மேலே இங்கிலீஷில் ஒரு குறிப்போடு: இந்த மெஷின் பதில் தரவில்லை, ஆகவே கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது. வீட்டிலிருந்த எல்லாரும் கூடி அதை வாசித்தார்கள். கொழும்பில் ஒரு தமிழ்க் கந்தோர்க்காரர் பதில் தராமல் போனால் அதற்கு என்ன காரணமாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பாவைப் பிடித்துவிட்டார்கள், இனி யாருக்காக நிற்பது என்று நிமலரூபன் சொன்னானாம். அடுத்த லொறியில் ஏறினான். கடிதம் எழுதிய பையன் இடம் போதாமல் பின்னால் வந்த வாகனத்தில் போனவன். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த லொறியில் போன ஒருவரையும் பிறகு ஒருவரும் காணவில்லை என்று எழுதியிருந்தான்.

நான் வாசித்து முடித்ததும் வரதராசா தாளை வாங்கி மடித்தார். கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். உள்ளே போவார் என்று நினைத்தேன். எல்லாரும் தட்டுவதை நிறுத்திவிட்டோம். அவர் தன் மேசைக்குப் போய், மாத முடிவுக் கணக்கை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.

தை பிறந்ததும் வேலையை விட்டார். கொஞ்சக் காலம் தெஹிவளையில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார்கள் என்றும், அன்னபாக்கியம் மகனுக்குத் திவசம் செய்ய விடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் தொடர்ந்து வேலை செய்தார். சித்திரையில் என்னைச் சோதனைச் சாவடியில் தடுத்து வைத்தபோது அவர்தான் வந்தார், அதே சிங்களத்தோடு, பிறிஜெற் கட்டிக் கொடுத்த பாணும் சம்பலும் எடுத்துக்கொண்டு. வரதராசாவின் பேரை அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை. செலீன் கணவனோடு இத்தாலிக்குப் போய்விட்டாள். ஓய்வு பெற்றதும் அவரும் பிறிஜெற்றும் ஹெந்தளையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பழைய கொம்பியூட்டர்களைச் சும்மா திருத்திக் கொடுத்தாராம். ஈஸ்டரை ஒட்டிய ஒரு பாஸ்கு கிழமையில் நித்திரையில் இறந்தார். அடக்கத்துக்கு நிறையச் சனம். அவரால் ஏதோ ஒரு பொலிஸ் ஸ்ரேஷனிலிருந்து வெளியே வந்தவர்கள் மட்டுமே கோயிலின் பாதியை நிறைத்திருப்பார்கள்.

அதற்கும் பிறகு, வேறு ஒரு கம்பனியில் நான் வேலை பார்க்கும்போது, எங்களுடைய ஈமெயிலைச் சீர்செய்ய பாயிஸ் என்று ஒருவர் வந்தார். நல்ல வாயாடி. முன்பு கொள்ளுப்பிட்டியில் ஈமெயில் கம்பனியில் இருந்ததாகச் சொன்னார். நான் பழைய கம்பனியின் பேரைச் சொன்னேன்.

"அல்லாஹ், அந்த இடமா? ஒருக்கா உங்கட மோடம் செத்துப்போய்க் கிடந்தது, ஞாபகமா? உங்களுக்கு வந்த மெயில் எல்லாம் எங்கட்டத் தேங்கிக் கெடந்திச்சு. ஒரு கிழமைக்கு மேல எடுக்காட்டி மெஷின் தானாத் திருப்பி அனுப்பிடும். நான்தான் கோல் எடுத்தன். கியேவ்ல இருந்து ஒரு பையன் அவசரம் எண்டு போட்டிருக்கான், ஆரையாச்சும் அனுப்புங்க, ஒரு டிஸ்க்ல போட்டுத் தாரன், நீங்க குடுக்கிறதையும் நானே அனுப்பி உடுறன் எண்டு சென்னன்."

யார் எடுத்தது என்று கேட்டேன்.

"ஸ்ரனிஸ்லாஸ் எண்டு பேர் சென்னார். அதுகள் தேவல்ல, திரும்பிப் போனாப் போகட்டும் எண்டுட்டார்."

எந்த நாள் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அவருக்கு நிக்காஹ். ஸ்ரனிஸ்லாஸ் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வியாழன் அது. நாளையிலிருந்து தான் லீவு, அதனால்தான் இன்றே கூப்பிடுகிறேன் என்று பாயிஸ் சொன்னதும், போனில் அந்தக் குரல் மலர்ந்து, கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லி, பொம்பிளை எந்த ஊர் என்றும் விசாரித்ததாம்.